மடற்குழுவைப் பிரிக்க நானூற்றுப் பன்னிரண்டு மடல்கள்

எல்லையோரத் தமிழ் நிரலாளர் பேரவையில் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர்; விதிகள் எழுபத்தொன்று. பாலக்காட்டிலும் அட்டப்பாடியிலும் இடுக்கி மலையிலும் கணினிக்கு நிரல் எழுதும் தமிழர்கள் ஒருவரிடம் ஒருவர் சந்தேகம் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதற்காக இணையத்தில் தொடங்கியது இது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடற்குழு. யாராவது அதற்கு ஒரு மின்மடல் எழுதினால் நாற்பத்து மூன்று பேருக்கும் போய்ச் சேரும். இவ்வளவுதான் சங்கதி. இதில் கெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் பெயர் அர்த்தநாரி. கோவிந்தாபுரத்தில் லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். பேரவையில் என் எண் இருபத்தேழு. இந்தக் கதையில் நான் யோக்கியன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைத் திட்டும்போது எனக்கு வசதியாக இருக்கும்.

போன வருஷம் முழுக்க எங்கள் மடற்குழுவில் வந்த மடல்கள் அறுபத்தொன்று. அவற்றில் இருபத்தொன்பது பண்டிகை வாழ்த்து, பதினான்கு பிறந்தநாள் வாழ்த்து. 'தயவுசெய்து என்னைக் குழுவிலிருந்து நீக்கவும்' என்று ஒன்பது. நிரல் பற்றி வந்தவை மீதி ஒன்பது. அதிலும் ஆறு, தலைவர் பரசுராமன் முப்பது வருஷத்துக்கு முன்னால் தான் எழுதிய ஒரு நிரலைப் பற்றி நினைவுகூர்ந்தவை.

பரசுராமன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் கணினிப் பிரிவு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விஷு அன்று காலையில் அவர் எங்களுக்கெல்லாம் வாழ்த்து மடல் அனுப்பினார். நாங்களும் முறைப்படி நன்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த நன்றிகளுக்கு நடுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது.

அனுப்பியவர் நாற்பத்து மூன்றாம் உறுப்பினர் சோனா. மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் பெண். கைப்பேசியில் வீடியோ பார்த்து நிரல் எழுதக் கற்றவள். சேர்க்கைப் படிவத்தில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் நாங்களெல்லாம் பன்னிரண்டு ஆண்டு, இருபது ஆண்டு என்று எழுதியிருப்போம். அவள் 'அம்மா ஓடையில் விழுவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து' என்று எழுதியிருந்தாள்.

அவள் அம்மா கத்தரீனாள் கொழுந்து பறிக்கிறவர். அவரோடு இன்னும் பதினெட்டுப் பேர் தினமும் ஓடையைக் கடந்துதான் மேல்காட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். மலையில் மழை கொட்டினால் அரை மணி நேரத்தில் ஓடை ஏறிவிடும். அதனால் சோனா கரையில் இருக்கும் பம்ப் ஷெட்டில் ஒரு சின்னக் கருவியை வைத்தாள். தண்ணீர் எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, பத்தொன்பது பேர் கைப்பேசிக்கும் அது செய்தி அனுப்பும். அவளே எழுதிய நிரல். ஆனால் மழையில் கரண்ட் போனால் பம்ப் ஷெட்டில் சிக்னலும் போய்விடும். கருவி தன் பேட்டரியில் அளந்துகொண்டே இருக்கும்; அனுப்ப முடியாத செய்திகள் வரிசையில் தேங்கும். சிக்னல் திரும்பியதும் அந்த நிரல் ஒழுங்குமரியாதையாகப் பழைய செய்தியிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பும். போன ஐப்பசியில் ஓடை இடுப்பளவு ஓடும்போது கத்தரீனாளுக்கு வந்தது ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய செய்தி: 'தண்ணீர் கணுக்கால் அளவு.' அதை நம்பி இறங்கினார். கொழுந்து மூட்டை போயிற்று. ஆளைப் பாறை இடுக்கிலிருந்து மற்றவர்கள் இழுத்து எடுத்தார்கள்.

சோனாவின் கேள்வி ஒரே வரி. 'பழைய செய்திகளைத் தள்ளிவிட்டுக் கடைசிச் செய்தியை மட்டும் அனுப்ப வைப்பது எப்படி? ஜூன் மாதம் மழை தொடங்கிவிடும்.'

எனக்குப் பதில் தெரியும். எடைமேடையில் இதே கோளாறை நான் இரண்டு முறை சரிசெய்திருக்கிறேன். இரண்டு வரி எழுதினால் போதும். எழுத உட்கார்ந்தேன். அதற்குள் தலைவரின் மடல் வந்துவிட்டது.

'அன்புடையீர், அண்மைக்காலமாக நமது மடற்குழுவில் மடல்கள் பெருகி வருகின்றன. தொடக்கநிலைக் கேள்விகளும் முதுநிலைச் சிந்தனைகளும் ஒரே இடத்தில் கலப்பதால் அறிவின் தரம் நீர்த்துப்போகும் அபாயம் உள்ளது. ஆகவே மடற்குழுவைப் பிரிப்பது குறித்து உறுப்பினர்கள் விவாதிக்க வேண்டுகிறேன். முடிவு எட்டும்வரை எந்தக் கேள்விக்கும் எவரும் விடையளிக்க வேண்டாம். எந்தக் குழுவுக்கு உரியது என்று தெரியாத கேள்விக்கு அளிக்கும் விடை, எந்தக் குழுவிலும் இல்லாத விடையாகிவிடும்.'

விதி முப்பத்து நான்கின்படி தனிமடலிலும் தொலைபேசியிலும் விடை சொல்லக் கூடாது. அறிவு பொதுவில் இருக்க வேண்டும் என்று ஒரு நல்ல எண்ணத்தில் யாரோ எழுதிய விதி அது. நான் எழுதிய இரண்டு வரியை அழித்தேன். வைகாசிப் பொதுக்கூட்டத்தில் எனக்கு 'மூத்த நிரலர்' என்ற பட்டம் தருவதாக இருந்தார்கள். அந்தச் சமயத்தில் விதியை மீறி எதற்கு வீண்வம்பு என்று நினைத்தேன். என் புத்தி அப்படிப் போயிற்று.

விவாதம் தொடங்கியது. முதல் நாளே முப்பத்தாறு மடல். இரண்டாகப் பிரிக்கலாம் என்றார்கள் சிலர். இரண்டாகப் பிரித்தால் நடுத்தரமானவர்கள் எங்கே போவார்கள் என்று நடுத்தரமானவர்கள் கேட்டார்கள். மூன்றாகப் பிரிக்கலாம் என்றதும், ஒரு கேள்வி எந்தக் குழுவுக்குரியது என்ற கேள்வியை எந்தக் குழுவில் கேட்பது என்று ஒருவர் கேட்டார். அது ஆழமான கேள்வி என்று பலரும் பாராட்டினார்கள். அதற்காக நான்காவதாக ஒரு குழு வேண்டும் என்று ஏற்பட்டது. பிரிவினை விவாதத்தாலேயே மடற்குழு நிரம்பி வழிகிறது என்று பத்தாம் நாள் ஒருவர் சொன்னதும், பிரிவினையை விவாதிக்க மட்டும் தனிக் குழு தொடங்கினார்கள். அங்கே போகாமல் பழைய குழுவிலேயே விவாதித்தவர்களைக் கண்டித்துப் பழைய குழுவில் நாற்பது மடல் வந்தது. நாற்பது நாளில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. மடல்கள் பெருகிவிட்டன என்று தான் முன்பே சொன்னது நிரூபணமாகிவிட்டதாகத் தலைவர் எழுதினார்.

வாக்களிப்பது எப்படி என்பதே தனி ரகளை. எங்களிடம் ஆதரவுக்குக் கூட்டல் ஒன்று, எதிர்ப்புக்குக் கழித்தல் ஒன்று, இரண்டும் இல்லாதவர்க்குப் பூஜ்யம். பூஜ்யம் போடுகிறவர்களில் வருத்தத்தோடு போடுகிறவர்களையும் வருத்தமில்லாமல் போடுகிறவர்களையும் ஒன்றாக எண்ணுவது அநியாயம் என்று ஒரு கருத்து எழுந்தது. ஆகவே கூட்டல் பூஜ்யம், கழித்தல் பூஜ்யம் என்று இரண்டு ஏற்படுத்தினார்கள். நான் கூட்டல் பூஜ்யம் போட்டேன்.

நடுவில் ஒருநாள் சோனா எழுதினாள்: 'ஐயா, என் கேள்வி வந்து சேர்ந்ததா?' செயலாளர் பாண்டித்துரை உடனே பதில் அனுப்பினார். அவர் அட்டப்பாடி அகளியில் ஆன்லைன் விண்ணப்பங்கள் எழுதிக்கொடுக்கும் கடை வைத்திருப்பவர். எண் இடாத தாளைக் கண்டால் உடனே ஒரு எண் போட்டுவிடுவார். 'தங்கள் கேள்வி நிலுவை எண் ஒன்று எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது. இனி வரும் கடிதங்களில் இந்த எண்ணைக் குறிப்பிடவும்' என்று எழுதியிருந்தார். அவள் அதற்கு நன்றி சொன்னாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஏதோ தன்னிடம்தான் தவறு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

மறுநாள் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, நான் சோனா பேசுறேன், எஸ்டேட்டுல இருந்து. என் கேள்வியப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க அம்மிணி."

"ஒங்களுக்குப் பதில் தெரியுமாண்ணே? போன்ல இருக்குற அந்த ஏஐகிட்ட கேட்டா மூணு பக்கத்துக்குச் சொல்லுது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுது. எது சரின்னு அம்மாவ ஓடையில எறக்கியா பாக்க முடியும்? செஞ்சு பாத்தவுக யாராச்சும் சொன்னா நம்பலாம்."

"தெரியுமுங்க. ஆனாத் தனியாச் சொல்லக் கூடாதுங்க. விதி இருக்குது. கொஞ்சம் பொறுங்க, குழுவப் பிரிச்சாச்சுன்னா மொத வேலையா உங்களுக்குத்தான்."

"நீங்களும் நிரல் எழுதுறவுகதானேண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் அந்த இரண்டு வரியை நான் அனுப்பவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு கல்பாத்தியில் பொதுக்கூட்டம். நேரில் வந்தால்தான் நிலுவைக் கேள்வியை எடுப்போம் என்று பாண்டித்துரை எழுதிவிட்டதால் சோனா தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே மலையிறங்கி, உடுமலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் பொள்ளாச்சி வழியாக வந்தாள். கோவிந்தாபுரத்தில் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். உறுப்பினர் பட்டியலில் இருந்த படத்தை வைத்து அவளாகவே என்னை அடையாளம் கண்டு அம்மாவுக்குச் சொன்னாள். கத்தரீனாள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருடைய இடதுகை மணிக்கட்டு ஐப்பசிக்குப் பிறகு நேராகச் சேரவில்லை. பாலக்காடு வரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மண்டப வாசலில் மூன்று நிறத்தில் அட்டை கொடுத்தார்கள். தீர்மானம் நிறைவேறியதும் பிரிவதற்கு வசதியாக இப்போதே பிரிந்து உட்கார வேண்டுமாம். முதுநிலைக்கு மஞ்சள், இடைநிலைக்குப் பச்சை, தொடக்கநிலைக்கு வெள்ளை. எனக்கு மஞ்சள் கிடைத்தது. சோனாவுக்கு வெள்ளை. வெள்ளை வரிசையில் அவளையும் அவள் அம்மாவையும் தவிர வேறு யாரும் இல்லை.

தலைவர் பேசினார்.

"நான் நாப்பது வருஷமா கம்ப்யூட்டர் பாக்கறவனாக்கும். என் ஆபீஸ்ல என்கிட்ட வந்து ஒருத்தரும் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. கேட்டா நான் சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். அதாக்கும் மரியாதை. இப்போ பாருங்கோ, யார் வேணும்னாலும் எழுதறா, யார் வேணும்னாலும் பதில் சொல்றா. இப்படியே விட்டா எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சு போயிடும். அப்பறம் பேரவை எதுக்கு? நாம எதுக்கு? ஒரே குழுன்னா ஒரே தலைவர். நாலு குழுன்னா நாலு தலைவர், அவாளுக்கு மேல ஒரு மகா தலைவர். இது வளர்ச்சி இல்லேன்னா வேற எதுதான் வளர்ச்சி, கேட்டேளா?"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். அடுத்து பாண்டித்துரை எழுந்தார்.

"நான் தினமும் நூறு அபேக்ஷை, அதான் விண்ணப்பம், எழுதறவனுங்க. என் அனுபவத்துல சொல்றேன். அபேக்ஷையில என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கவே கூடாதுங்க. பாத்தா மனசு எளகிரும். எந்தத் தட்டுல வெக்கறதுன்னு மட்டுந்தான் பாக்கோணும். சரியான தட்டுல வெச்சுட்டமுன்னா அது பாட்டுக்குக் கெடக்குமுங்க."

சாப்பாட்டுக்கு மணி அடித்தது. மஞ்சள் அட்டைக்கு முதல் பந்தி, பச்சைக்கு இரண்டாவது, வெள்ளைக்கு மூன்றாவது என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் பந்தி பிரித்த கதையெல்லாம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கத்தரீனாள் மட்டும் நேராகப் போய் முதல் பந்தியில், தலைவருக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து மகளையும் கூப்பிட்டார். அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, "அம்மா, நீங்க மூணாவது" என்றார்.

"கொழுந்து நிறுக்குற எடத்துலயே மொத வந்தவுக மொத நிறுத்துட்டுப் போவோம் தம்பி. நாங்க நேத்தே கெளம்புனவுக. நீங்க எலையப் போடுங்க."

இலை போட்டார்கள். எரிசேரியும் ஓலனும் வந்தன. தலைவர் தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இப்படி நடந்தால் என்ன செய்வது என்று எழுபத்தொரு விதியிலும் இல்லை.

பிற்பகலில் வாக்கெடுப்பு. ஆதரவு பதினாறு, எதிர்ப்பு மூன்று, கூட்டல் பூஜ்யம் ஏழு, கழித்தல் பூஜ்யம் ஐந்து. மடற்குழு நான்காகப் பிரிந்தது. பிறகு நிலுவை எண் ஒன்றைத் தலைவர் எடுத்தார்.

"குழந்தே, உன் கேள்வி தொடக்கநிலைக் குழுவுக்கு அனுப்பியாச்சு. சந்தோஷமா?"

"சந்தோசம் சார். அங்க யார் பதில் சொல்லுவாங்க?"

"தொடக்கநிலைக்காரா சொல்லுவா."

"அதுல நான் ஒருத்திதான சார் இருக்கேன்? தெரிஞ்சவுக அங்க வந்து எழுதலாமா?"

"அதெப்படி? தெரிஞ்சவா எழுதினா அது தொடக்கநிலைக் குழுவா இருக்காதே. பிரிச்சதுக்கு அர்த்தமில்லாம போயிடும். மேற்பார்வைக்கு ஒருத்தரை நியமிப்போம். அபேக்ஷை வாங்கி, பரிசீலிச்சு, ஆகஸ்ட்ல வருவார்."

"ஜூன்ல மழை வந்துரும் சார்."

"மழைக்குப் பேரவை பொறுப்பில்லை, கேட்டேளா" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார் தலைவர். அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார். பாண்டித்துரை எழுதினார்.

சோனா நின்றுகொண்டே இருந்தாள். அவள் அம்மா அந்தக் கோணல் மணிக்கட்டை மறுகையால் பிடித்தபடி மேடையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்து 'மூத்த நிரலர்' பட்டமளிப்பு என்று பாண்டித்துரை அறிவித்து என் பெயரைக் கூப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் முழுவதும் என் மேல்தான். நாற்பது நாள். இரண்டு வரி. எழுந்தேன். மேடைக்குப் போகாமல் வெள்ளை வரிசைக்குப் போனேன்.

"அம்மிணி, எழுதிக்குங்க. அனுப்பறதுக்கு முன்னாடி வரிசையப் பாருங்க. கடேசியா வந்த ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அழிச்சுருங்க. அந்த ஒண்ணுக்கும் பத்து நிமிசத்துக்கு மேல வயசாயிருந்தா அதையும் அழிச்சுப்போட்டுப் புதுசா அளந்து அனுப்புங்க. ரெண்டே வரிதானுங்க. நான் எழுதித் தாறேன்."

தலைவர் மணியை அடித்தார். "அர்த்தநாரி, இது தொடக்கநிலை விவகாரமாக்கும். நீர் முதுநிலை."

"தெரியுமுங்க" என்றேன். மஞ்சள் அட்டையின் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து யாக்கோபு எழுந்து வந்தார். கட்டப்பனைக்காரர், பத்து வருஷத்தில் குழுவில் ஒரு வார்த்தை எழுதாதவர். "சிக்னல் போனா அந்தக் கருவிக்கு நேரமும் தெரியாமப் போயிருமே. அப்ப வயச எப்படிக் கணக்குப் பண்ணும்? தனியா ஒரு கடிகாரமும் அதுக்கு ஒரு பொத்தான் பேட்டரியும் போட்டுரும்மா" என்றார். இன்னொருவர் வந்தார்: "செய்தியே வரலைன்னாலும் இறங்கக் கூடாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிவைங்க." தலைவர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். பாண்டித்துரை விதி முப்பத்து நான்கை உரக்க வாசித்தார். அவர் வாசித்து முடிப்பதற்குள் வெள்ளை வரிசையில் பதினொரு பேர் நின்றோம். பதினொரு பேருக்கும் பதில் முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்களைப் போல வெட்கங்கெட்டவர்கள் உண்டா என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

அடுத்த வாரமே பதினொரு பேரும் இடைநீக்கம் செய்யப்பட்டோம். சோனாவுக்கும் ஒரு கடிதம் போயிற்று: முறையற்ற வழியில் பெற்ற விடையை ஆகஸ்ட் வரை பயன்படுத்தாமல் நிறுத்திவைக்கவும். அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. அன்றே நிரலை மாற்றி, கடிகாரமும் பேட்டரியும் போட்டு, பம்ப் ஷெட்டில் மாட்டிவிட்டு வந்தாள்.

ஜூன் ஒன்பதாம் தேதி பிற்பகல் மேல்காட்டில் மழை பிடித்தது. கரண்ட் போயிற்று, சிக்னல் போயிற்று. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பம்ப் ஷெட்டிலிருந்து எதுவும் வரவில்லை. வராததால் பத்தொன்பது பேரும் மேட்டிலேயே நின்றார்கள். சிக்னல் திரும்பியதும் ஒரே ஒரு செய்தி வந்தது: 'ஓடையில் தண்ணீர் மார்பளவு. இறங்காதீர்கள்.' சோனாவின் அப்பா பவுல்ராஜ் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேல்ரோடு வழியாகச் சுற்றிப் போய் மூன்று நடையாக எல்லோரையும் கூட்டி வந்தார்.

சாயங்காலம் எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது. "தம்பி, சோனா அம்மா பேசுறேன். பத்தொம்பது பேரும் வந்து சேந்துட்டோம். துணிதான் நனைஞ்சுபோச்சு, வேற ஒண்ணுமில்ல. அந்த மணி அடிக்குற ஐயாகிட்டயும் சொல்லிருங்க."

சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது. இடைநீக்க உத்தரவோடு ஒரு விளக்கப் படிவமும் அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று கட்டங்கள். ஒன்று, குற்றம் சாட்டப்பட்டபடி விடையளித்தீரா? ஆமாம் என்று எழுதினேன். இரண்டு, யாருடைய அனுமதியின் பேரில்? அந்தக் கட்டத்தில் கத்தரீனாள் அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மூன்றாவது கட்டம் பெரியதாக இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு இடம் விட்டிருந்தார்கள். மீண்டும் இவ்வாறு செய்வீரா?

பத்துப் பேருக்கும் சோனாவுக்கும் போன் போட்டுக் கேட்டேன். பிறகு 'செய்வோம்' என்று எழுதி, பன்னிரண்டு பேர் பெயரையும் கீழே போட்டு, நான்கு குழுவுக்கும் அனுப்பினேன்.